கிரேலிங் பருவம்

சானடோரியம்
16 செப்டம்பர் 1951

மெய்னிர்,

வந்து சேர்ந்துவிட்டேன். நீ வாசலுக்கு வந்து கையசைக்கவில்லை என்பதை ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கூடக் கவனித்துவிட்டார். "வீட்டுல பொண்டாட்டி இல்லையா?" என்று கேட்டார். "இருக்கா, கோவமா இருக்கா" என்றேன்.

கட்டிலை வராந்தாவில் போட்டிருக்கிறார்கள். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் மலை. மழை வந்தால் போர்வை மேல் ரப்பர் விரிப்பைப் போடுகிறார்களே தவிர உள்ளே தள்ளுவதில்லை. காற்றுதான் மருந்தாம். எழுந்து நிற்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் எலிஸ் என்று ஒரு கல்சுரங்கக்காரன். "சிரிக்கிற மாதிரி இங்க என்ன இருக்குன்னு அந்த நர்ஸக் கேட்டுச் சொல்லுப்பா" என்கிறான். டாக்டர் ஆறு மாதம் என்கிறார், குறைந்தபட்சம்.

காரியத்துக்கு வருகிறேன். டிரவுட் மீன் பருவம் இந்த மாதத்தோடு முடிகிறது. அக்டோபர் பிறந்தால் கிரேலிங். தூண்டில் சங்கத்து விருந்தினர்கள் பதினொரு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆற்றுக் காவலன் இல்லையென்றால் சங்கம் கொடுத்த காவலன் வீடு எதற்கு என்று கேட்பார்கள். செயலாளர் பென்டனுக்கு எழுதிவிடு: இட்வலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அண்ணன் வீட்டில் படுத்திருக்கிறான் என்று. நெஞ்சு நோய் என்று மட்டும் மூச்சு விடாதே. விருந்தினர்களை நீயே ஆற்றுக்கு அழைத்துப் போ. ஒன்பது வருடமாக எனக்கு ஈ கட்டித் தருகிறாய். கொக்கியில் இறகும் பட்டு நூலும் சுற்றி நீ செய்கிற பொய் ஈ தண்ணீரில் என்ன ஆகிறது என்று ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கிறாயா? பாக்கியை நான் எழுதி அனுப்புகிறேன்.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

இட்வல்


பென்ரிட்
20 செப்டம்பர் 1951

இட்வல்,

அப்புறம் எடுத்துக்கொள்ள அது என்ன, ஊறுகாயா?

ஏப்ரலிலிருந்து இரத்தம் துப்பியிருக்கிறாய். கைக்குட்டைகளை ஆற்றிலேயே அலசிக் காயவைத்துக் கொண்டு வந்து, சளி என்று சொன்னாய். ஒரே கட்டிலில் படுத்தவளிடம் சொன்னாய். போன வாரம் என்னையும் நிறுத்தி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. நீ கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

பென்டனுக்குப் பொய் எழுதவில்லை. பேருந்து பிடித்து அவர் அலுவலகத்துக்கே போய் உள்ளதைச் சொன்னேன். நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எனக்கு இல்லைங்க. படம் எடுத்தாச்சு" என்றேன்.

"சரி, விருந்தாளிங்கள யாரு பாத்துக்கிறது?"

"நான்."

சிரித்தார். "கிரேலிங்குக்கும் டிரவுட்டுக்கும் வித்தியாசமாவது தெரியுமாம்மா?"

"கிரேலிங்குக்கு முதுகுல பாய் விரிச்ச மாதிரி பெரிய துடுப்பு. வாய் சின்னது. வாணலியில போட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

மார்ச் முதல் தேதி வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் விருந்தினர் ஒருவர் குறை சொன்னாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆக, உன் மீனை நான் படித்தே தீர வேண்டும். நேராக எழுது. ஆறு அப்படி மின்னும், இப்படிப் பாடும் என்றெல்லாம் வேண்டாம். எங்கே நிற்பது, எதைக் கட்டுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது.

உன் ரப்பர் கால்சட்டையைப் போட்டுப் பார்த்தேன். நுனியில் செய்தித்தாள் திணித்தால் நடக்கலாம்.

மெய்னிர்


சானடோரியம்
24 செப்டம்பர் 1951

மெய்னிர்,

பென்டனிடம் சொன்னது தப்பு. சரி, ஆனது ஆகட்டும்.

நேராக எழுதச் சொன்னாய். டிரவுட் தனியாள். கல்லுக்குப் பின்னால், கரையோர வேருக்கு அடியில், ஒரு வீட்டுக்காரன் மாதிரி இடம் பிடித்து நிற்கும். உன் நிழல் பட்டால் போதும், போய்விடும், அன்றைக்குத் திரும்பாது. கிரேலிங் அப்படியில்லை. கூட்டமாக இருக்கும். இடுப்பளவுத் தண்ணீர், சீரான ஓட்டம், கூழாங்கல் தரை. அங்கே அடியில் படுத்திருக்கும். மேலே ஈ மிதந்து வந்தால் அடியிலிருந்து நெட்டுக்குத்தாக எழும்பிப் பிடித்துவிட்டு மறுபடி அடிக்கே போகும். அவ்வளவு தூரம் வருவதால் குறி தப்பும். விருந்தினர் "போச்சு" என்று அடுத்த இடத்துக்கு நகரப் பார்ப்பார். விடாதே. அதே ஈயை அதே இடத்தில் மறுபடி விடச் சொல். கிரேலிங் நாலாவது தடவையும் வரும். மூன்று முறை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால் நிறத்தை மாற்றாதே, அளவைக் குறை.

ஈ தண்ணீரோடு போக வேண்டும். கயிறு அதை இழுத்தால் ஈக்குப் பின்னால் கோடு விழும். எந்த ஈயும் கோடு போட்டுக்கொண்டு நீந்தாது, அது மீனுக்குத் தெரியும். மீன் பிடித்ததும் சுண்டி இழுக்கக் கூடாது, உதடு கிழிந்துவிடும். கையை மெல்ல உயர்த்தினால் போதும்.

எதைக் கட்டுவது? வெயில் விழுந்த மதியத்துக்குச் சிவப்பு வால் வைத்த ஈ, மேலே மிதக்க. குளிர் இறங்கினால் கவுதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டும் சுற்றியது, மூழ்க விடு. வெள்ளம் வடிந்து தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும்போது வெள்ளிச் சரிகை சுற்றியது. ஒன்றும் பிடிபடவில்லை என்றால் கல்லைப் புரட்டிப் பார். அடியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு.

ஆல்டர் மரத்துக்குக் கீழே பாதிரியார் குழி. அங்கே பாறை ஒரு அலமாரி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கப்புறம் தரையே கிடையாது. யாரையும் இறங்க விடாதே. நீயும் இறங்காதே.

உன் படம் சரியாக வந்தது நல்ல செய்தி. கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது.

இட்வல்


பென்ரிட்
14 அக்டோபர் 1951

இட்வல்,

முதல் வாரம் முடிந்தது. இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை மட்டும்தான் யாரோ பார்த்தார்கள்.

டெர்பியிலிருந்து நூற்பாலைக்காரர் ஆஷ்வொர்த் வந்தார். சங்கத்துக் கமிட்டியில் வேறு இருக்கிறாராம். வாசலில் நின்றுகொண்டு என் தலைக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"காவல்காரர் எங்கம்மா?"

"இங்கதான் நிக்கிறேன்."

"விளையாடாதம்மா. உங்க வீட்டுக்காரர்?"

"அவருக்கு உடம்பு சரியில்ல. ஈயெல்லாம் நான்தான் கட்டுறேன். ஆத்துக்கும் நான்தான் வரேன்."

"ஓ, ஈ கட்டுற பொம்பளையா" என்றார், தையற்காரியைப் பார்ப்பது மாதிரி. நான் அப்படியே விட்டுவிட்டேன். நீதான் எப்போது வாயை மூடுவது என்று எழுத மறந்துவிட்டாய், நானே முடிவு செய்துகொண்டேன்.

மேல் வளைவில் நிறுத்தினேன். வெயில். நீ சொன்னபடி சிவப்பு வால். மீன் எழும்பிக்கொண்டே இருந்தது. ஒன்றுகூட நம் ஈயைத் தொடவில்லை. நீ சொன்னபடி அளவைக் குறைத்தேன். இல்லை. கவுதாரி ஆரஞ்சு. இல்லை. கல்லைப் புரட்டினேன். ஆஷ்வொர்த் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அப்புறம் தண்ணீரைப் பார்க்காமல் மேலே பார்த்தேன். வளைவில் சிக்கமோர் மரம் குனிந்து நிற்கிறதே, அதன் மஞ்சள் இலைகளிலிருந்து அசுவினிப் பூச்சி கொட்டிக்கொண்டிருந்தது. ரவை அளவு, கறுப்பு. தண்ணீர் மேல் மிளகுத்தூள் தூவினது போல. மீன் தின்றது அதைத்தான்.

கரையில் உட்கார்ந்து நம்மிடம் இருந்ததிலேயே சின்னக் கொக்கியில் கறுப்பு நூல் நாலு சுற்று, சேவல் இறகு ஒரு சுற்று. அவ்வளவுதான். "இதையா கட்டச் சொல்ற? எனக்குக் கண்ணுக்கே தெரியலையே!" என்றார். "உங்களுக்குத் தெரிய வேண்டாம் சார். மீனுக்குத் தெரிஞ்சா போதும்."

ஒன்பது கிரேலிங். போகும்போது தொப்பியைத் தொட்டார்.

மெய்னிர்


சானடோரியம்
18 அக்டோபர் 1951

மெய்னிர்,

பத்தொன்பது வருடம் அந்த வளைவில் நின்றவன் நான். அக்டோபர் மதியத்துக்குச் சிவப்பு வால். அன்றைக்கு அசுவினி விழுந்தது தற்செயல். ஒரு தற்செயலை வைத்துக்கொண்டு முறையை மாற்றாதே. எழுதினதைச் செய்.

உன் கடிதத்தை எலிஸுக்குப் படித்துக் காட்டினேன். "மீனுக்கு உன் லெட்டர் போய்ச் சேரலையோ என்னமோ" என்றான். சிரித்து இருமிவிட்டான், நர்ஸ் என்னைத் திட்டினாள்.

எடை இரண்டு பவுண்டு குறைந்திருக்கிறது. கிரேலிங் குறைவதில்லை போலிருக்கிறது.

இட்வல்


பென்ரிட்
5 நவம்பர் 1951

இட்வல்,

சனிக்கிழமை மூன்று பேருந்து மாறி உன்னைப் பார்க்க வந்தேன். பழ ரொட்டி சுட்டு எடுத்து வந்தேன். பாதி வழியில் பனிமழை. நீ என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாய். கொக்கி குத்தின காயங்களை எண்ணினாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் சொன்னாய்: "நான் இங்க கெடக்கிறது உனக்கு வசதியாத்தான் இருக்கு."

எலிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த மனிதனுக்கு இருந்த கூச்சம் உனக்கு இல்லை.

திரும்பி வரும்போது வழி முழுக்க உனக்குப் பதில் தேடினேன். கிடைத்த பதில் எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நம் வீட்டில் இனி யாரும் எதையும் ஆற்றில் அலசி மறைக்க வேண்டாம்.

விருந்தினர் இல்லாத நாளிலும் நான் ஆற்றுக்குப் போகிறேன். மூன்று வாரமாக. அடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்தால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. கதவைத் திறந்து மேகம் பார்க்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். உன் பழைய தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். போன செவ்வாய் உறைபனி; கம்பின் வளையங்களில் பனி அடைத்துக்கொண்டது, வாயில் வைத்து உருக்கினேன். மூழ்குகிற ஆரஞ்சை விட்டேன். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. இழுக்கவில்லை, அசையவில்லை, யாரோ யோசிக்கிற மாதிரி நின்றது. கையை உயர்த்தினேன். மறுமுனையில் உயிர்.

கரைக்கு வந்ததும் அந்தத் துடுப்பை விரித்தது பார், ஊதாவும் சிவப்பும். முகர்ந்து பார்த்தேன், நீ சொல்வாயே, ஓமம் மாதிரி வாசனை என்று. நான் நம்பியதேயில்லை. உண்மைதான்.

வெண்ணெயில் பொரித்து நின்றபடியே தின்றேன். நீ அங்கே கிடப்பது எனக்கு வசதியாக இல்லை, இட்வல். ஆனால் அந்த ஒரு நிமிஷம் உன்னை நான் நினைக்கவில்லை. அதற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்.

மெய்னிர்


சானடோரியம்
30 நவம்பர் 1951

மெய்னிர்,

உனக்குப் பதில் எழுத நாலு தாளைக் கிழித்தேன்.

எலிஸ் வியாழக்கிழமை போய்விட்டான். காலையில் கஞ்சி குடித்தான், "உப்பு இல்ல" என்றான். பதினோரு மணிக்குத் திரையை இழுத்தார்கள். மதியம் கட்டிலைக் கழுவிவிட்டார்கள். இப்போது அதில் கார்டிகன் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் படுத்திருக்கிறார், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறார்.

வராந்தாவிலிருந்து கீழே ஒரு ஓடை தெரிகிறது. நாள் முழுக்க அதைப் பார்க்கிறேன். எங்கே மீன் நிற்கும் என்று தெரிகிறது, ஆனால் எதைத் தின்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. போர்வைக்குள் கால் தானாக நடக்கிறது. நர்ஸ் வந்து பிடித்து நிறுத்துகிறாள்.

ஆறு எப்படி இருக்கிறது? பாலத்துக்கு மேலே அந்தத் தட்டைக் கல் வெளியே தெரிகிறதா? எத்தனை அங்குலம்? எழுது. சனிக்கிழமை சொன்னதைப் பற்றி எழுதத் தெரியவில்லை எனக்கு. கல்லைப் பற்றி எழுது.

இட்வல்


பென்ரிட்
12 டிசம்பர் 1951

இட்வல்,

தட்டைக் கல் நாலு அங்குலம் வெளியே.

அது உன் கேள்விக்குப் பதில். இது தலைமை நர்ஸ் எனக்கு எழுதின கடிதத்துக்குப் பதில். எட்டாம் தேதி காலையில், இராவுடுப்புக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, காலுறைகூட இல்லாமல் செருப்போடு, ஓடைக்கு இறங்கிப் போயிருக்கிறாய். அரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். தண்ணீரில் முழங்கால்வரை நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாயாம். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டதற்கு, "என்ன திங்குதுன்னு பாக்கணும்ல?" என்றாயாம். மேலே ஏற்றி வருவதற்குள் அரைக் கிண்ணம் இரத்தம்.

இதைப் படித்துவிட்டு நான் பாத்திரத்தை உடைத்தேன். உன் பெரிய கோப்பை. நீ கேட்கப் போவதில்லை என்பதால் இதையும் சொல்கிறேன்: அழவும் செய்தேன்.

நான் இங்கே விரல் மரத்துப்போய் இந்த நாலு சுவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது யாருக்காக என்று நினைத்தாய்? கல்லைப் புரட்ட வேண்டும் என்றால் என்னிடம் சொல். நான் புரட்டி எழுதுகிறேன். இன்றைக்குப் புரட்டினேன்: கூடு கட்டின புழுக்கள் பதினாறு, மணலும் குச்சியும் ஒட்டின கூடு; தட்டையான ஈப்புழு ஏழு; சின்ன இறால் மூன்று. போதுமா?

எலிஸுக்காகப் பிரார்த்தனை சொல்லச் சொன்னேன் பாதிரியாரிடம். "எந்தச் சபைக்காரர்?" என்று கேட்டார். "சிரிக்கிற சபை" என்றேன்.

மெய்னிர்


சானடோரியம்
20 டிசம்பர் 1951

மெய்னிர்,

போதும். மூன்று தடவை படித்தேன். இனி இறங்க மாட்டேன்.

ஜனவரியில் அறுவை. வலது பக்கம் விலா எலும்புகளை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்கி ஓய்வில் போடுவார்களாம். இரண்டு தவணை. கையெழுத்து கேட்பார்கள், போட்டுவிடு. வர வேண்டாம். பனியில் பேருந்து ஓடாது.

கிறிஸ்துமஸுக்கு மீன் பிடி. நெஞ்சளவு ஆழத்தில், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மட்டும். அதற்கு முன்னும் பின்னும் குளிரில் அது வாயைத் திறக்காது.

இட்வல்


பென்ரிட்
21 ஜனவரி 1952

இட்வல்,

முதல் தவணை நல்லபடி முடிந்தது என்று தந்தி வந்தது. வர வேண்டாம் என்றாய், வந்தேன், உனக்கு நினைவிருக்காது. மயக்கத்தில் என்னை எலிஸ் என்று கூப்பிட்டாய்.

இங்கே ஒன்று நடந்தது. வேறு யாராவது கூட்டிச் சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன்.

ஆஷ்வொர்த் மறுபடி வந்தார், மூன்று நாளைக்கு. சனிக்கிழமை ஆல்டர் மரத்துக்குக் கீழே ஒரு பெரிய மீன் எழும்பியது. "அங்க எறங்காதீங்க சார், பாறை முடியுது" என்றேன். "ஏம்மா, நான் முப்பது வருஷமா மீன் பிடிக்கிறேன்" என்றார். "இந்தப் பாறைக்கு அது தெரியாது சார்" என்றேன். தெர்மாஸில் தேநீர் ஊற்றத் திரும்பினேன், அவ்வளவுதான். தொப்பி மட்டும் மிதந்தது.

நான் குழிக்குள் குதிக்கவில்லை. பின்னால் ஓடினேன், ஆற்றோடு கீழே. மூன்று மாதமாக ஈயை மேலே விட்டுவிட்டு அது எங்கே போய் ஒதுங்குகிறது என்றுதானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிரியார் குழியில் விழுகிற எதுவும், இலையானாலும் ஈயானாலும், எதிர்க்கரைக்குப் போய், சுற்றி, கூழாங்கல் திட்டுக்கு இந்தப் பக்கம் வரும். அங்கே இடுப்பளவில் இறங்கி நின்று எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் வந்தார். ஊன்றுகோலை நீட்டினேன். பிடித்தார். கால்சட்டை முழுக்கத் தண்ணீர், ஒரு மாட்டை இழுப்பது மாதிரி இருந்தது. கரையில் போட்டு, கத்தியால் வாரை அறுத்தேன்.

வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார வைத்து ஆட்டுக்கறிச் சாறு கொடுத்தேன். உன் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, "தப்பு என்னோடது" என்றார். நேற்று முழுக்க ஈ கட்ட முடியவில்லை.

மெய்னிர்


சானடோரியம்
9 பிப்ரவரி 1952

மெய்னிர்,

வலது கையைத் தூக்க முடியாததால் நர்ஸ் பிரைஸ் எழுதுகிறார். நான் சொல்கிறேன்.

பென்டனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உனக்கு வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தும் நீ சொல்லவில்லை என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். கமிட்டி கூடியதாம். ஆஷ்வொர்த் முன்மொழிந்தாராம். மார்ச் முதல் தேதியிலிருந்து ஆற்றுக் காவல் வேலை உனக்கு. என் உடல்நிலையை உத்தேசித்து என்னை விடுவிக்கிறார்களாம். விடுவிக்கிறார்களாம்! நான் என்ன கொக்கியில் மாட்டின மீனா?

பத்தொன்பது வருடம். அந்தக் கரையில் ஒவ்வொரு வேரும் எனக்குத் தெரியும். அந்தக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும்

(இந்த இடத்தில் அவர் சொன்னதை நான் எழுதவில்லை, திருமதி பிராஸர். — நர்ஸ் பிரைஸ்)

முடியாது என்று எழுதிவிடு. வீடு போனால் போகட்டும். என் வேலையை என் பெண்டாட்டியே எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்ல வேண்டாம்.

இட்வல்

(அவர் இதைச் சொல்லிவிட்டு உங்கள் பழைய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். — நர்ஸ் பிரைஸ்)


பென்ரிட்
14 பிப்ரவரி 1952

இட்வல்,

பென்டன் இங்கேயும் வந்தார். உனக்கு இரண்டாம் தவணை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நான் மறைத்தது அந்த ஒன்றுதான். நீ மறைத்ததோடு ஒப்பிட்டுப் பார்.

இன்னும் பதில் சொல்லவில்லை நான். "வாசல் பலகையில உங்க வீட்டுக்காரர் பேரே இருக்கட்டும், ஊர் வாய்க்கு நல்லது" என்றார். "அவர் பேர் இருந்தா வேலையும் அவருக்கே இருக்கட்டும். எனக்குன்னா என் பேர்" என்றேன். மார்ச் முதல் தேதிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

ஊர் என்ன சொல்லும் என்றா கவலைப்படுகிறாய்? ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. கல்லாவில் இருப்பவள் மிச்சக் காசை என் கையில் தராமல் மேசையில் வைக்கிறாள், நோய் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த ஊருக்காக நான் வீட்டை விடுவதா?

இதற்குப் பதிலை நர்ஸ் கையால் எழுதாதே. உன் கையால் எழுத முடிகிறபோது எழுது. காத்திருக்கிறேன்.

மெய்னிர்


சானடோரியம்
28 பிப்ரவரி 1952

மெய்னிர்,

இடது கை. கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

இரண்டாம் தவணை முடிந்தது. ஏழு எலும்பு போச்சு. டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "திரும்ப ஆத்துல எறங்குவேனா?" "பிழைச்சுட்டீங்க, அதுவே பெரிசு. ஓடுற தண்ணியில நிக்கிற வேலை இனி இந்த நெஞ்சுக்கு ஆகாது." கம்பு வீசுகிற தோளும் இறங்கிவிட்டது.

அப்புறம் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். அசுவினிக் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மெய்னிர். பத்தொன்பது வருடத்தில் அந்த மரத்தை நான் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு அக்டோபரும் அந்த வளைவில் மீன் என்னை ஏமாற்றும்; நான் வானிலையைக் குற்றம் சொல்லிவிட்டு வருவேன். உனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்தது. அது தாங்கவில்லை எனக்கு. தற்செயல் என்று எழுதினேன்.

வேலையை எடுத்துக்கொள். உன் பெயரில்.

சனிக்கிழமை சொன்னதற்கு மன்னித்துவிடு. நவம்பர் சனிக்கிழமை. எழுத நாலு மாதமும் ஏழு எலும்பும் ஆகியிருக்கிறது.

இட்வல்


பென்ரிட்
4 மார்ச் 1952

இட்வல்,

உன் கடிதம் நேற்று வந்தது. பென்டனுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இருபத்தேழாம் தேதி. காத்திருக்கிறேன் என்று எழுதியது உண்மை. ஆனால் உன் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தேன்.

வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நாம் ஒரே வீட்டில் கோபத்தோடு இருந்திருப்போம், அவ்வளவுதான். நீ இப்படி எழுதினது நல்லது. கடிதத்தை வைத்துக்கொண்டு கரைவரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தேன். இரண்டு தடவை.

தோள் வலிக்கு என்ன தருகிறார்கள்?

மெய்னிர்


சானடோரியம்
9 ஜூன் 1952

மெய்னிர்,

விடுகிறார்கள்! வியாழக்கிழமை. சளியில் கிருமி இல்லை, மூன்று தடவை பார்த்தாயிற்று. நர்ஸ் பிரைஸ் என் பெட்டியைக் கட்டிவிட்டார், நான் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டேன். படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஒன்பது மாதம் கிடந்தவனுக்கு இந்த மூன்று நாள் போக மாட்டேன் என்கிறது.

இங்கே எல்லாருக்கும் கூடை பின்னக் கற்றுத் தருகிறார்கள். நான் இறகு கேட்டேன். இத்துடன் ஐந்து ஈ. செந்நிற இறகு, மயில் தோகை நூல், ஜூன் வண்டுக்கு. காற்றடிக்கிற நாளில் புதரிலிருந்து அந்த வண்டு விழும், டிரவுட் மரியாதையை எல்லாம் மறந்துவிடும். எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் சொல்.

வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் கால் மறுபடி போர்வைக்குள் நடக்கிறது.

டாக்டர் உனக்கும் எழுதியிருப்பார்.

இட்வல்


பென்ரிட்
10 ஜூன் 1952

இட்வல்,

ஐந்தும் குப்பை. இரண்டில் இறகு பின்பக்கமாகப் படுத்திருக்கிறது, ஒன்றில் கொக்கியின் கண்ணையே நூலால் அடைத்துவிட்டாய். மீன் பார்த்தால் அனுதாபப்படும். ஆனாலும் ஒன்றை விட்டுப் பார்த்தேன், மறைக்காமல் சொல் என்றாயே. ஒன்றும் தொடவில்லை.

வியாழக்கிழமை எனக்கு இரண்டு விருந்தினர்கள், சாயங்காலம்வரை. கூட்டிவர என்னால் முடியாது. பேருந்தில் நீயே வா. ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன், பாலத்தருகே நிறுத்துவார். பெட்டியைத் தூக்காதே. சாவி அதே இடத்தில். அடுப்பில் லீக் வெங்காயத்தாள் போட்ட ஆட்டுக்கறிச் சாறு இருக்கும், சூடு செய்துகொள்.

என்ன செய்வாய் என்று எனக்கும் தெரியவில்லை. அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். நாம் சண்டை போடுவோம். கதவைத் திறந்து மூடுவாய். நான் சேற்றுக் காலோடு வந்து நிற்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிகிறது.

டாக்டர் எனக்கும் எழுதியிருக்கிறார். ஒரு மூச்சுக்கு ஐம்பது கஜம் நீ நடக்கலாமாம், அதற்கு மேல் உட்கார்ந்து இளைப்பாற வேண்டுமாம். கடிதத்தைப் படித்ததும் தூண்டில் கயிற்றை எடுத்து, பின்கதவு நிலையில் ஒரு முனையைக் கட்டி, ஆறுவரைக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு கஜம்.

மெய்னிர்